எட்டுப் போடாத சிங்கம்

உங்கய்யன் அந்த 200 சிசி வண்டியைத் தோட்டத்துக்குப் போய்வர வாங்கினதா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான். ஊட்டுக்கும் தோட்டத்துக்கும் முக்கால் கிலோமீட்டர் தூரம். அதுல பாதி இட்டேரி. மூணாவது கியர் போடறதுக்குள்ள தோட்டம் வந்துரும். வண்டி யாருக்கு வந்துச்சுன்னு கட்டுத்தறியில நிக்கற எருமைக்குக் கூடத் தெரியும் கண்ணு. உங்கய்யன் மட்டும் தெரியாதவனாட்ட நடிக்கறான். நடிக்கட்டும். நீ இப்படி இந்தக் கயித்துக் கட்டில்ல உக்காரு. எனக்குப் புத்தி சொல்ற வயசெல்லாம் தாண்டிப் போச்சு. இப்ப குசும்பு பண்ற வயசு. அதனால பயப்படாமக் கேளு.

உனக்கு வயசு 17. உன்ற சேக்காளிகள் உன்னைச் சிங்கம்ங்கறானுக. சிங்கம் இன்னும் ஆர்டிஓ ஆபீசு மைதானத்துல எட்டுப் போடலை. எல்.எல்.ஆர். கூட எடுக்கலை. ஆனா ஆனைமலையிலிருந்து பொள்ளாச்சிக்கு எத்தனை நிமிசத்துல போனேன்னு பந்தயம் கட்டி வீடியோ போடுது. நல்லாப் போடு. வண்டியைக் காலையில ஒருக்காச் சுத்தி வந்து பாத்தேன். கம்பெனிக்காரன் ரெண்டு பக்கமும் கண்ணாடி வெச்சுத்தான் அனுப்பியிருந்தான், ரெண்டையும் காணோம். பொறகால லாரி வர்றதைப் பாத்தா மனசு சஞ்சலப்படும், வேண்டாம்னு கழட்டிட்டயாக்கும். நம்பர் பிளேட்டை மேல பாத்து மடக்கி வெச்சிருக்கறே. வானத்துல போற ஏரோப்ளேன்காரன் படிச்சுக்குவான். சைலன்சரைக் கழட்டிட்டு வேற ஒண்ணு மாட்டியிருக்கறே. அந்தச் சத்தத்துல பால் கறக்கற மாடு ஒதைக்குதுன்னு உங்கம்மா நாலு நாளாச் சொல்லிட்டு இருக்கறா.

ஹெல்மெட் இருக்குது, இல்லைன்னு சொல்லலை. உங்கம்மா ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்குதான்னு கண்ணாடி போட்டுப் பாத்து வாங்கினது. அது பெட்ரோல் டேங்க் மேல உக்காந்து ஊர் சுத்துது. டேங்குல ஒரு கீறல் இல்லை, நெம்பப் பாதுகாப்பா இருக்குது. போலீஸ் செக்போஸ்ட் கண்ணுல பட்டா மட்டும் எடுத்துத் தலையில கவுத்துக்கறே, வாரைக் கட்டறதில்லை. வாரு கட்டாத ஹெல்மெட் முதல்ல கீழ உழுகும் சாமி. தலை பொறகால வந்து சேரும். ரெண்டும் தனித்தனியா உழுகறதுக்கு எதுக்குக் காசு குடுத்து வாங்கோணும்?

சட்டம் என்ன சொல்லுதுன்னு உங்கய்யனுக்குத் தெரியாது. நான் டீக்கடையில பேப்பரை விளம்பரம் வரைக்கும் படிக்கறவன். 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்ப 199ஏ-ன்னு ஒரு பிரிவைச் சேத்தாங்க. 18 வயசு ஆகாத பையன் வண்டியெடுத்துட்டுப் போய்க் குத்தம் பண்ணினா, பெத்தவனும் வண்டிக்குச் சொந்தக்காரனும் குத்தவாளி. மூணு வருசம் வரைக்கும் செயிலு, 25,000 ரூவா தண்டம். வண்டியோட பதிவு 12 மாசத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. 'எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டானுங்க'ன்னு நிரூபிச்சா உங்கய்யன் தப்பிக்கலாம், அதுக்கும் சட்டத்துல வழி இருக்குது. ஆனா நீ ஒத்தக் கையில வண்டி ஓட்டறதை அவனே வீடியோ எடுத்து, சினிமாப் பாட்டுப் போட்டு, வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்கான். தனக்கு எதிரான சாட்சியைத் தானே தயார் பண்ணி 200 பேருக்குக் காட்டின ஒரே ஆளு உங்கய்யனாத்தான் இருப்பான்.

16 வயசுல 50 சிசிக்கு மேற்படாத வண்டி ஓட்டலாம்னு சட்டத்துல ஒரு வரி இருக்குதுதான். ஆனா என்ற எக்ஸெல் வண்டி கூட இப்ப நூறு சிசிக்கு வந்துருச்சு. 250 வாட் மோட்டார் வெச்சு, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத பேட்டரி வண்டிக்கு லைசென்ஸே தேவையில்லை, அதை வாங்கித் தர்றேன்னு போன வாரம் கேட்டேன். நீ என்னைப் பாத்த பார்வை இருக்குதே! கோவணத்தோட கல்யாணத்துக்கு வரச் சொன்ன மாதிரி பாத்தே.

புனேயில நடந்ததை நீயும் போன்ல பாத்திருப்பே. 2024 மே 19, விடியறதுக்கு முன்னால. 17 வயசுப் பையன், போர்ஷே காரு, பார்ல குடிச்சுட்டு வந்தான்ங்கறது கேசு. கல்யாணி நகர்ல ஒரு பைக்கை இடிச்சதுல கம்ப்யூட்டர் வேலையில இருந்த ரெண்டு பேர் செத்துப் போனாங்க. ரெண்டு பேருக்கும் வயசு 24. மத்தியப் பிரதேசத்துலிருந்து பொழப்புக்கு வந்த புள்ளைக. விபத்தைப் பத்தி 300 வார்த்தையில ஒரு கட்டுரை எழுதுன்னு நிபந்தனை போட்டு அன்னைக்கே பையனுக்கு ஜாமீன் குடுத்தாங்க. நாடே கொந்தளிச்சுது, பொறவு அந்த ஜாமீனை மாத்தினாங்க. அதுக்கப்பறம் பாரு வேடிக்கையை: அய்யனைப் புடிச்சாங்க. ரத்தத்தை மாத்தி வெச்சாங்கன்னு டாக்டருங்களைப் புடிச்சாங்க. பழியை டிரைவரை ஏத்துக்கச் சொல்லி மிரட்டினதாத் தாத்தாவையும் புடிச்சாங்க. தாத்தாவையும் கண்ணு! எனக்குச் சர்க்கரை இருக்குது, ராத்திரியில மூணு தடவை எந்திரிக்கோணும். செயில்ல அதெல்லாம் சௌகரியப்படாது. நீ 300 வார்த்தை எழுதறதும் கஷ்டம்தான்; தமிழ்ல எத்தனை மார்க் வாங்கினேன்னு எனக்குத் தெரியும்.

இன்சூரன்ஸ் இருக்குதுன்னு உங்கய்யன் சொல்லுவான். லைசென்ஸ் இல்லாத பையன் ஆளை இடிச்சா எம்.சி.ஓ.பி.ன்னு நஷ்டஈட்டுக் கேசு வரும். அடிபட்டவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல பணத்தைக் கட்டட்டும், பொறவு அதை வண்டிக்காரன்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு கோர்ட்டுல உத்தரவு போட்டுருவாங்க. வண்டிக்காரன் உங்கய்யன். அவன்கிட்ட வசூல் பண்ண என்ன இருக்குது? இந்தத் தோப்பு. தோப்பு இன்னும் என்ற பேர்லதான் இருக்குது. இத்தனை வருசமா எழுதிக் குடுக்கச் சொல்லி அவன் கேட்டும் நான் இழுத்தடிச்சது எதுக்குன்னு இப்பத் தெரியுதா?

சரி, நம்மூர்க் கோயில் நோம்பி வருது, அந்த விசயத்துக்கு வாறேன். போன வருசம் கம்பத்தாட்டம் முடிஞ்சு நீயும் உன்ற கூட்டமும் பள்ளிக்கூடத்துக்குப் பொறகால போனீங்க. திரும்பி வந்தப்ப எல்லார் வாயிலயும் ஒரே நேரத்துல ஏலக்காய். பக்தி முத்திப் போச்சுன்னு நெனைச்சுக்கிட்டேன். 21 வயசு ஆகாதவனுக்கு டாஸ்மாக்ல விக்கக் கூடாது. கடைக்காரன் உங்க மீசையைப் பாத்து ஏமாந்துட்டான் போல. எனக்குத் தெரிஞ்சு அந்த மீசையைப் பாக்க பூதக்கண்ணாடி வேணும்.

நம்ம கோர்ட்டும் சும்மா இருக்கலை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள்ள கடை இருக்கக் கூடாது, 20,000 பேருக்குள்ள இருக்கற சின்ன ஊர்ன்னா 220 மீட்டர்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. 2017 ஏப்ரல்லிருந்து அது நடப்புக்கு வந்துச்சு. கடை உள்ள போச்சு. குடிக்கறவன் நிறுத்தினானா? அவன் கடைக்கு வண்டியில போனான், குடிச்சான், மறுபடி நெடுஞ்சாலைக்கு வர்றதுக்குக் கூடக் கொஞ்ச தூரம் வண்டி ஓட்டினான். அவ்வளவுதான் வித்தியாசம்.

'பீருதானே அப்பாரே'ன்னு உன்ற சேக்காளி ஒருத்தன் என்கிட்டயே கேட்டான். நர்சிங் படிக்கற உன்ற அக்காளைக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொன்னேன். வண்டி ஓட்டறவனோட 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் ஆல்கஹால், அதுதான் சட்டம் விடற எல்லை. 60 கிலோ எடை இருக்கற ஒருத்தன் 650 மில்லி பீர் பாட்டில் ஒண்ணை முடிச்சாலே ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஏறிரும். ஸ்ட்ராங்குன்னா இன்னும் எச்சு. குவாட்டர்ன்னா நாலு மடங்குக்கு மேல. ஒரு மணி நேரத்துக்கு உடம்பு கரைக்கறது சுமாரா 15 மில்லிகிராம்தான். ராத்திரி 12 மணிக்குக் குவாட்டரை முடிச்சுட்டுப் படுத்தவன், காலையில 6 மணிக்குக் குளிச்சு, திருநீறு பூசிட்டு, பால் சொசைட்டிக்குக் கெளம்பினாலும், வழியில ஊதச் சொன்னா மாட்டுவான். மோர் குடிச்சா எறங்கிரும், எலுமிச்சம்பழம் கடிச்சா தெளிஞ்சிரும், தலையில ஒரு குடம் தண்ணி ஊத்தினா போதும்ங்கறதெல்லாம் நானும் அந்த வயசுல நம்பின கதை. தண்ணி ஊத்தினா, ஈரமான குடிகாரன் கெடைப்பான். அவ்வளவுதான்.

மாட்டினா முதல் தடவைக்கே 10,000 ரூவா தண்டம், இல்லீன்னா ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்லீன்னா ரெண்டும். குடி மட்டுந்தான்னு நெனைக்காதே. கஞ்சா, மாத்திரை எதைப் போட்டுட்டு ஓட்டினாலும் அதே பிரிவுதான். தண்டத்தை விடு, அதைக் கட்டிக்கலாம். நான் பாத்தது வேற. குடிச்சவனுக்கு முதல்ல தள்ளாடறது காலு இல்லை கண்ணு. 'இப்ப நான் ஒழுங்கா ஓட்டுவேனா'ங்கற சந்தேகம், அதுதான் முதல்ல போகும். கால் தள்ளாடினா வண்டியில ஏறவே மாட்டான், பொழைச்சுக்குவான். சந்தேகம் போனவன்தான் சாவியைக் கேக்கறான். அதனால குடிச்சதுக்கு அப்பறம் 'ஓட்டலாமா வேண்டாமா'ன்னு யோசிக்கறதுல ஒரு பிரயோசனமும் இல்லை. முடிவு பண்றதுக்கு அங்க ஆளே இருக்காது. அதைக் குடிக்காதப்ப, சாயங்காலம் அஞ்சு மணிக்கே பண்ணிடோணும்.

வேகத்தைப் பத்திச் சொல்லோணும்னா உனக்குக் கிலோமீட்டர் கணக்கு மண்டையில ஏறாது. தென்னை மரக் கணக்குல சொல்றேன், நம்மூட்டுப் பையன்தானே. நம்ம தோப்புல மரத்துக்கு மரம் 25 அடி. 80-ல போனா ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகுது வண்டி. இன்ஸ்டாவுல எவ ஹார்ட்டு போட்டாள்னு நீ மூணு நொடி குனிஞ்சு பாத்தா, ஏறக்குறைய ஒம்போது மரத்து இடைவெளி கண்ணை மூடிட்டுப் போயிருக்கறே. நாளைக்கு ஒரு வேலை பண்ணு. தோப்புல முதல் மரத்துக்கிட்ட நின்னு கண்ணை மூடிட்டு ஓடு. பத்தாவது மரம் வரைக்கும். நான் கட்டில்ல உக்காந்து பாத்துக்கறேன். நடந்தே உன்னால முடியாது, வாய்க்கால்ல உழுவே. அதைத்தான் தார் ரோட்டுல 150 கிலோ இரும்பு மேல உக்காந்து தினமும் பண்றே. அப்பறம் வேகம் ரெண்டு மடங்கானா, பிரேக் புடிச்சு நிக்கற தூரம் நாலு மடங்காகும். இது பிளஸ் ஒன் இயற்பியல். அந்தப் பரீட்சைக்கும் நீ வண்டியிலதான் போனே, ஆனா இது மட்டும் ஏறலை.

வால்பாறைக்குப் போறதாத் திட்டம் இருக்குதுன்னு காதுல உழுந்துச்சு. ஆழியாறு தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் பலகையில நம்பர் போட்டு வெச்சிருக்காங்க, பாதியில எங்க நின்னேன்னு ஆஸ்பத்திரியில சொல்றதுக்குச் சௌகரியமா இருக்கும். ஏறும்போது ஒண்ணும் ஆகாது, என்ஜின் முக்கிட்டே போகும். எறங்கறப்பத்தான் வெளையாட்டு. பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல உட்டு எறக்குவீங்க. பிரேக்கையே புடிச்சுட்டு வந்தா அது சூடேறி, பத்து வளைவு தாண்டினதும் புடிக்கறாப்பலயே இருக்கும், புடிக்காது. எந்தக் கியர்ல ஏறினயோ அந்தக் கியர்லயே எறங்கோணும். என்ஜினே வண்டியைப் புடிச்சுக்கும். கவர்மெண்டு பஸ் வளையறப்ப முழு ரோட்டையும் எடுத்துக்கும், அது அதோட ஒடம்பு வாகு, டிரைவரோட திமிர் இல்லை. நீ உள்பக்கமாச் சாஞ்சு, முட்டி ரோட்டுல ஒரசறாப்பல போட்டோவுக்கு வளைஞ்சா, எதுக்க வர்றவன் கண்ணுக்கு முதல்ல தெரியறது உன்ற தலைதான்.

வீலிங் பண்ற ஆசையும் இருக்குதாம். 2023 செப்டம்பர்ல காஞ்சிபுரம் பக்கத்துல, சென்னை - பெங்களூரு ரோட்டுல, லட்சக்கணக்குல ஆளுக பாக்கற ஒரு யூடியூப் தம்பி முன்சக்கரத்தைத் தூக்கினாரு. வண்டி ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். நல்ல ஜாக்கெட்டு போட்டிருந்ததால உசிரு தப்புச்சு. செயிலுக்குப் போனாரு, பத்து வருசத்துக்கு லைசென்ஸும் போச்சு. நீ போட்டிருக்கறது பனியன்.

வண்டியில தனியாப் போறப்ப நீ பரவால்லை, அதையும் சொல்லிடறேன். பொறகால ரெண்டு பேர் ஏறினாத்தான் உனக்குப் புத்தி எறங்குது. 'முந்துடா மச்சான்'னு ஒருத்தன் சொல்லுவான். அவனுக்கு ஹேண்டில்பார் இல்லை, பிரேக் இல்லை, பொறுப்பும் இல்லை, வாய் மட்டும் இருக்குது. உன்ற சித்தப்பன் மக நியூசிலாந்துல இருக்கறாளே, அவ சொன்னா: அந்த ஊர்ல 1987-லயே இதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிட்டாங்களாம். புதுசா ஓட்டறவனுக்கு ஒரே தடவையில முழு லைசென்ஸ் கிடையாது. முதல்ல பெரியவங்க பக்கத்துல உக்காந்திருக்கோணும். அப்பறம் தனியா ஓட்டலாம், ஆனா ராத்திரி 10 மணியிலிருந்து காலையில 5 மணி வரைக்கும் கூடாது, சேக்காளிகளை ஏத்தக் கூடாது. அதெல்லாம் தாண்டினாத்தான் முழுசு. சின்னப் பசங்க எந்த நேரத்துல, யாரு கூட இருக்கறப்ப சாகறாங்கன்னு பாத்து, அந்த நேரத்தையும் அந்தக் கூட்டத்தையும் மட்டும் வெட்டி எடுத்தாங்க. நம்ம சட்டத்துல அது இல்லை. எட்டுப் போட்டா எல்லாம் கைக்கு வந்துரும். அதனால நம்மூட்டுக்குள்ள நானே அதைச் சட்டமாக்கிட்டேன். 18 முடிஞ்சு நீ லைசென்ஸ் எடுத்தாலும் முதல் ஒரு வருசம் பொழுது உழுந்தா வண்டி களத்தை உட்டு நகராது, பொறகால சேக்காளி ஏறக் கூடாது. மேல்முறையீடு உங்காத்தாகிட்டப் பண்ணிக்கோ. அவ என்னை உட மோசம்.

2022-ல நம்ம தமிழ்நாட்டு ரோட்டுல செத்தவங்க 17,884 பேர். மத்திய சர்க்கார் கணக்கு. ஒரு நாளைக்கு 49. நம்மூருக்கு வர்ற டவுன் பஸ்ல உக்காந்து போற கூட்டம் அது. எந்த மாநிலத்துல விபத்து எச்சுன்னு பாத்தா, அந்த வருசம் எண்ணிக்கையில நாமதான் முதல். நீ முதல் மார்க் வாங்கோணும்னு உங்கம்மா வேண்டிக்கிட்டது இதுக்கில்லை.

மேக்காலத் தோட்டத்துப் பையனை உனக்குத் தெரியும். நோம்பிக்கு அடுத்த நாள், விடியறதுக்கு முன்னால, வாரு கட்டாத ஹெல்மெட்டோட போனவன். 108 சீக்கிரமா வந்துச்சு. முதல் 48 மணி நேரத்துக்குச் சர்க்காரே செலவு பாக்கற 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021-ல வந்தது; அது இருக்கறதால அவங்கய்யன் அன்னைக்குக் காசைத் தேடி ஓடலை, பையன் பக்கத்துலயே நின்னான். உசிரு பொழைச்சுது. போன வாரம் நான் அங்க போயிருந்தேன். 'வாங்க அப்பாரே, காப்பி குடிச்சீங்களா'ன்னு கேட்டான். குடிச்சேன் சாமின்னேன். அவங்கம்மா கொண்டாந்து குடுத்த காப்பியைக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள அதையே நாலு தடவை கேட்டான். நாலு தடவையும் அதே சிரிப்பு. நாலாவது தடவை அவங்கம்மா உள்ள எந்திரிச்சுப் போயிட்டா. அவன் உன்னை உட நல்லா வண்டி ஓட்டினவன் கண்ணு. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை.

அங்கிருந்து வந்ததுலிருந்து எனக்கு உன்மேல கோவம் கொறைஞ்சு போச்சு, உங்கய்யன் மேலதான் எச்சாயிருக்குது. 17 வயசுப் பையன் வேகமாப் போறது அவன் வயசு. மழைக்கு முளைக்கற புல்லு மேல யாரு கோவிச்சுக்குவா? வாங்கிக் குடுத்தவனுக்கு வயசு 45. 'கேட்டுட்டே இருந்தான், பாவமா இருந்துச்சு'ங்கறான். 'நம்ம பையன் மட்டும் பஸ்ல போனா கௌரவக் கொறைச்சல்'ங்கறான். ஊர்ல இருக்கற அய்யனுக எல்லாரும் இதையேதான் சொல்றானுக. ஒரு பக்கம் சாவியைக் குடுக்கறது, இன்னொரு பக்கம் 'குடிச்சுட்டு வந்தேன்னு தெரிஞ்சா காலை ஒடைச்சுருவேன்'னு மிரட்டறது. அந்த மிரட்டலாலதான் பசங்க ராத்திரி ஒரு மணிக்குக் குடிச்ச வாயோட ஊட்டுக்குப் போன் பண்ண மாட்டேங்கறானுக. பயந்துட்டு, யாருக்கும் தெரியாம வந்து படுத்துக்கலாம்னு வண்டியை எடுக்கறானுக. அய்யன் ஒடைக்கறேன்னு சொன்ன காலை ரோடு ஒடைச்சுக் குடுக்குது.

அதனால நான் ஒண்ணு சொல்றேன். இதுல குசும்பு இல்லை. நீ எங்க இருந்தாலும், எந்த நேரமானாலும், என்ன பண்ணியிருந்தாலும் என்ற பட்டன் போனுக்கு அடி. தலைமாட்டுலயே வெச்சிருக்கறேன். ஆட்டோக்கார மாமனை எழுப்பிக் கூட்டிட்டு வாறேன். எதுக்குக் குடிச்சேன்னு அன்னைக்கு ராத்திரி கேக்க மாட்டேன். உங்கய்யனையும் கேக்க உட மாட்டேன். அடுத்த நாள் மத்தியானம் சோத்துக்கு அப்பறம் கேப்பேன், நல்லாவே கேப்பேன், அது வேற. உன்ற சேக்காளி எவன் ஓட்டற நெலமையில இல்லாம சாவியைத் தேடினாலும் அதே நம்பர்தான். அவங்கய்யன்கிட்ட நான் பேசிக்கறேன். சாவியைப் புடுங்கினா கோவிச்சுக்குவான்னு யோசிக்காதே. கோவிச்சுக்கறதுக்கு அடுத்த நாள் அவன் இருக்கோணுமல்ல?

வர்ற செவ்வாக்கெழமை நோம்பி சாட்டறாங்க. கம்பம் புடுங்கற வரைக்கும் சாவி என்ற இடுப்பு முடிச்சுல இருக்கட்டும், இப்படிக் குடுத்துட்டுப் போ. உங்கய்யன் கேட்டா நான் வாங்கினேன்னு சொல்லு; தைரியம் இருந்தா என்கிட்ட வந்து கேக்கட்டும்.